அப்பாவுக்கு மூளை அலை ஹெட்பேண்ட் வாங்கலாமா?

கேள்விய ஒரு தடவ திருப்பி சொல்லிடறேன், பின்னாடி வந்து படிக்கிறவங்களுக்கும் புரியட்டும். ராமமூர்த்தி நகர்ல இருக்கீங்க, அப்பாவுக்கு 64 வயசு, மோட்டார் நியூரான் நோய்னு (தசைய இயக்கற நரம்பு செல் கெட்டுக்கிட்டே போற நோய்) போன வருஷம் சொல்லிட்டாங்க, கை ரெண்டும் கிட்டத்தட்ட விழுந்துடுச்சு, பேச்சு குளறுது, வீட்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் புரியுது, ராத்திரி மூச்சுக்கு உதவற பைபாப் மெஷினோட மாஸ்க் போட்டா அதுவும் இல்ல. ஆன்லைன்ல நெத்தில ஒரு சென்சார், காதுல ஒரு கிளிப் வச்ச ஹெட்பேண்ட் ஒண்ணு பாத்திருக்கீங்க, மனசுல நினைச்சா லைட்டு எரியுது ஃபேன் சுத்துதுனு வீடியோ போட்டிருக்கான், இருபத்தஞ்சாயிரம் சொல்றான், வாங்கலாமானு கேக்கறீங்க. கூடவே அம்மா, மனசுல இருக்கறதெல்லாம் வெளிய வந்துடுமானு பயப்படறாங்கனும் எழுதியிருக்கீங்க, மூளைக்குள்ள வைக்கற சிப் பத்தியும் கேட்டிருக்கீங்க. நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா உங்களுக்கு ரெண்டு விஷயம் வேணும், ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா உங்கள எழுப்பணும், பகல்ல அவர் நினைக்கறத சொல்லணும். இந்த ரெண்டுக்கும் அந்த ஹெட்பேண்ட் உதவுமானுதான் நான் பதில் சொல்லப் போறேன்.

இப்போதைக்கு வாங்காதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் டாக்டர் கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். இஇஜி, அதாவது தலைல ஒயர் ஒட்டி மூளை அலைய பதிவு பண்ற சோதனை, அதுக்கு டெக்னீஷியனா ஆரம்பிச்சு, அப்புறம் இங்க பெங்களூர்லயே மெடிக்கல் கருவி பண்ற இடத்துல சிக்னல் பக்கம் பல வருஷமா வேலை. அப்பாவோட நோய் எந்த வேகத்துல போகும்னு என்னால சொல்ல முடியாது, அது உங்க நியூராலஜிஸ்ட் சொல்ல வேண்டியது. மண்டைக்கு மேல ஒயர் ஒட்டினா என்ன தெரியும் என்ன தெரியாதுங்கறது மட்டும்தான் என் ஏரியா.

மூளைக்குள்ள மின்சாரம் ஓடுது, அத தலைக்கு வெளியிலேருந்தே அளக்கலாம், இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, ஜெர்மனில ஹான்ஸ் பெர்கர் 1924லயே மனுஷன்கிட்ட பதிவு பண்ணி 1929ல வெளியிட்டுட்டார். கண்ண மூடினா பின்னந்தலைல நொடிக்கு எட்டுலேருந்து பதிமூணு தடவ ஆடற ஆல்ஃபா அலை எழும்பி வரும், கண்ண திறந்தா அமுங்கிடும், அவர் பாத்ததும் இதுதான், இன்னைக்கு எந்த இஇஜி ரூமுக்குப் போனாலும் முதல்ல தெரியறதும் இதுதான். பிரச்சனை சைஸ்ல இருக்கு. நெஞ்சுல எடுக்கற ஈசிஜி ஒரு மில்லிவோல்ட் பக்கம் வரும், தலைல வர்றது பெரும்பாலும் பத்துலேருந்து நூறு மைக்ரோவோல்ட், அதாவது பத்துல ஒரு பங்கு, சில சமயம் நூத்துல ஒரு பங்கு. நடுவுல மண்டையோடு வேற இருக்கு, அது எல்லாத்தையும் கலக்கி மழுங்கடிச்சுதான் வெளிய விடும். கல்யாண மண்டபத்துக்கு வெளிய ரோட்ல நின்னா கெட்டிமேளம் கொட்டறது தெரியும், உள்ள மூணாவது வரிசைல ரெண்டு பேர் என்ன வம்பு பேசறாங்கனு தெரியாது, அந்த அளவுதான்.

இப்ப அந்த ஹெட்பேண்டுக்கு வரேன். சென்சார் நெத்தில இருக்கு. நெத்தில என்ன இருக்கு? புருவத்த தூக்கற தசை இருக்கு, கண்ணு பக்கத்துலயே இருக்கு. ஒரு தடவ கண் சிமிட்டினா அந்த இடத்துல நூறு மைக்ரோவோல்ட்டுக்கு மேல ஒரு மேடு வரும், மூளை அலை அதுக்குக் கீழ புல்லு மாதிரி கிடக்கும். பல்ல கடிச்சா திரை முழுக்க கறுப்பா ரொம்பிடும். அதனால இந்த டைப் சாதனத்துல நிறைய டெமோ நடக்கறது கண் சிமிட்டல வச்சு, இல்ல புருவத்த வச்சு, இல்ல கான்சன்ட்ரேஷன்னு ஒரு நம்பர் காட்டுவானே அத வச்சு. அந்த நம்பர் எந்த ஃபார்முலால வருதுனு பெரும்பாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. யாராவது நண்பர்கிட்ட இருந்தா வாங்கி நீங்களே மாட்டிப் பாருங்க, மனச ஒண்ணும் பண்ணாம புருவத்த மட்டும் மெதுவா இறுக்குங்க, மீட்டர் ஏறுதானு பாருங்க. ஏறினா அது படிக்கறது தசைய.

அதுல தப்பு இல்லனு நீங்க சொல்லலாம், எப்படியோ லைட்டு எரிஞ்சா சரிதானேனு. கரெக்ட்தான், ஆனா புருவத்த தூக்க முடியற ஒருத்தருக்கு அதே வேலைய சில நூறு ரூபா ஸ்விட்ச் இதவிட நம்பகமா பண்ணும், அத கீழ சொல்றேன்.

நிஜமாவே மூளை சிக்னல வச்சு எழுத முடியாதானா, முடியும். 1988ல ஃபார்வெல், டோன்சின்னு ரெண்டு பேர் ஆறுக்கு ஆறு கட்டத்துல எழுத்துக்கள வச்சு, குறுக்கு வரிசையாவும் மேலேருந்து கீழ பத்தியாவும் மாத்தி மாத்தி மின்ன விட்டாங்க, நமக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது மூளைல கிட்டத்தட்ட 300 மில்லிசெகண்ட் கழிச்சு ஒரு சின்ன மேடு வரும், பி300னு அதுக்குப் பேரு. ஒரு தடவ மின்னினா அது மத்த அலைகளோட இரைச்சல்ல முழுகிடும், அதனால பல தடவ மின்ன விட்டு சராசரி எடுக்கணும். இத தமிழ்ல பண்ணா எப்படி இருக்கும்னு நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன், ஏன்னா உங்க அப்பா தமிழ் மட்டும்தான் சரளமா படிப்பாருனு எழுதியிருக்கீங்க. 247 எழுத்தையும் வைக்க வேண்டாம், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31, ஆறுக்கு ஆறு கட்டத்துல அழகா உக்காந்துடும், மிச்சம் இருக்கற அஞ்சு கட்டத்துல அழி, இடைவெளி, ஆமா, இல்ல, மணி அடினு வச்சுக்கலாம். இப்ப "தண்ணி"னு எழுதணும், த், அ, ண், ண், இ, அஞ்சு தேர்வு. ஒரு சுத்துக்கு ஆறு வரிசை ஆறு பத்தி, பன்னெண்டு மின்னல், ரெண்டு செகண்ட் பக்கம் ஆகும், பத்து சுத்துனா எழுத்துக்கு இருபது செகண்ட், வார்த்தைக்கு நூறு செகண்ட். அதுவும் எல்லாம் சரியா வந்தா. அஞ்சுல ஒண்ணு தப்பா வந்தா, தப்புனு கண்டுபிடிச்சு, அழிக்கற கட்டத்த தேர்ந்தெடுத்து, திரும்ப அந்த எழுத்துக்குப் போகணும். தொண்டை காஞ்சு போய் கிடக்கறவருக்கு இது எவ்ளோ நேரம்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, வேகம் போகட்டும். இன்னொரு சிக்கல் இருக்கு, விளம்பர வீடியோல வராது. இந்த பி300, அப்புறம் மின்னற விளக்க பாத்து தேர்வு பண்ற முறை, ரெண்டுமே நல்லா கிடைக்கறது உச்சந்தலைக்குப் பின்னால, பின்னந்தலைல. நெத்தில வச்ச சென்சாருக்கு அது சரியாவே கிடைக்காது. சரி, பின்னந்தலைல வச்ச கேப் வாங்கலாம்னா, படுத்திருக்கறவருக்கு தலகாணி படற இடமே அதுதான், எலக்ட்ரோடு, அதாவது தலைய தொட்டு சிக்னல் எடுக்கற சென்சார், அழுந்தும், அசைஞ்சா சிக்னல் துள்ளும், கொஞ்ச நேரத்துல அந்த இடம் வலிக்க ஆரம்பிக்கும், கைய தூக்கி சரி பண்ணிக்க அவரால முடியாது. அதுக்கு மேல பைபாப் மாஸ்க்கோட வார் தலைய சுத்திப் போகுது. ரெண்டையும் ஒரே தலைல எப்படி மாட்டுவீங்க?

அப்புறம் முடி, எண்ணெய். இஇஜிக்கு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல சொல்றது, முந்தின நாள் ஷாம்பூ போட்டு தலைக்கு குளிச்சுட்டு வாங்க, எண்ணெய் வைக்காம வாங்க. அப்படியும் பத்து பேர்ல ரெண்டு மூணு பேர் மணக்க மணக்க தேங்காண்ணெயோட வந்து உக்காருவாங்க, "லேசாதான் வச்சேன்"னு வேற சொல்வாங்க. எண்ணெய் இருந்தா பேஸ்ட் ஒட்டாது, இம்பீடன்ஸ் ஏறும், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல மின் தடை. ஆஸ்பத்திரில நாங்க முடிய வகுந்து, தோல லேசா தேச்சு, பேஸ்ட் வச்சு ஒவ்வொரு புள்ளியையும் அஞ்சு கிலோ ஓமுக்குக் கீழ கொண்டு வர பாப்போம், அதுக்கே அரை மணி நேரம் ஓடிடும். ஒட்டாம சும்மா தொட்டுக்கிட்டு நிக்கற ட்ரை எலக்ட்ரோடு இதவிட பல மடங்கு அதிகத்துல ஓடும், அப்ப சுத்தி இருக்கற வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் முழுக்க சிக்னலுக்குள்ள வரும், கட்டிலுக்குப் பக்கத்துல இன்வெர்ட்டரோ காத்து மெத்தையோட மோட்டாரோ இருந்தா கேக்கவே வேண்டாம். ஃபேன் காத்துல ஒயர் ஆடினா அதுவும் ஒரு அலையா தெரியும். வேர்வைனா மொத்த கோடும் மெதுவா மேல கீழ மிதக்கும்.

எலக்ட்ரோடுதான் முட்டுக்கட்டை, சிக்னல பெருக்கி அனுப்பற பெட்டி இல்லங்கறதுக்கு ஒரு நல்ல சான்று இருக்கு. ஜெர்மனில ஓல்டன்பர்க் யூனிவர்சிட்டில ஸ்டெஃபான் டெபெனர் குழு 2012ல எமோட்டிவ்னு கேம் விளையாடறவங்களுக்கு வித்த ஒரு ஹெட்செட்ட எடுத்து, அதோட சென்சார கழட்டிட்டு லேப்ல போடற கேப்ப இணைச்சு, ஆள வெளிய நடக்க விட்டு பி300 எடுத்தாங்க. உக்காந்தப்ப கிடைச்சத விட துல்லியம் கொஞ்சம் கொறஞ்சுது, ஆனா கிடைச்சுது. அதுக்கப்புறம் அதே குழு காத சுத்தி ஒட்டற மாதிரி மெல்லிசா ஒரு எலக்ட்ரோடு பட்டையும் பண்ணாங்க. லேபுக்கு வெளிய வர்றதுக்கான வழி இந்தப் பக்கம்தான் இருக்குனு எனக்குத் தோணுது, தலைல கிரீடம் மாதிரி மாட்டறதுல இல்ல. பக்கவாதம் வந்த கைக்கு பயிற்சி கொடுக்க மூளை சிக்னல்ல ஓடற ஒரு கருவிக்கு 2021ல அமெரிக்காவோட மருந்து, கருவி அனுமதி அமைப்பு எஃப்டிஏ அனுமதியும் கொடுத்துடுச்சு, வீட்ல வச்சே பண்ணலாம், ஆனா அது பயிற்சிக்கு, பேசறதுக்கு இல்ல, அப்பாவோட நோய்க்கும் இல்ல.

உங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கே வீட்ல கொடுத்துப் பாத்த ஆய்வும் இருக்கு. அமெரிக்காவுல இந்த நோய் வந்த முன்னாள் ராணுவத்தினர் வீட்ல பி300 கருவிய வச்சு, கூட இருக்கறவங்களுக்கே கேப் மாட்ட கத்துக்கொடுத்து, 2018ல முடிவ வெளியிட்டாங்க. நிறைய பேர் நடுவுலயே நின்னுட்டாங்க, பெரும்பாலும் நோய் முத்தினதாலயும் இறந்ததாலயும். கடைசி வரை வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கருவிய வீட்லயே வச்சுக்கறோம்னு சொன்னாங்க. நான் இதுலேருந்து எடுத்துக்கறது என்னன்னா, விஷயம் பொய் இல்ல, ஆனா தினமும் ஜெல் போட்டு, கேப் மாட்டி, கழட்டி, தலைய துடைச்சு விட ஒருத்தர் இருக்கணும், பின்னாடி ஃபோன்ல கை கொடுக்க ஒரு டீம் இருக்கணும். பெட்டிய பிரிச்சு மாட்டினா ஓடும்ங்கறது இன்னும் வரல.

மூளைக்குள்ளயே வைக்கற சிப் பத்தி கேட்டிருந்தீங்க, அதையும் தொட்டுட்டுப் போறேன். 2004ல அமெரிக்காவுல பிரெயின்கேட்ங்கற ட்ரயல்ல (ஆய்வுக்கான சோதனை) மேத்யூ நேகல்னு ஒருத்தருக்கு வச்சதுலேருந்து ஓடிக்கிட்டு இருக்கு, நியூராலிங்க் கம்பெனி 2024 ஜனவரில முதல் ஆளுக்கு வச்சாங்க, சிங்க்ரான்னு இன்னொரு கம்பெனி கழுத்து ரத்தக்குழாய் வழியா ஸ்டென்ட் மாதிரி உள்ள விடறாங்க. பேச்சே போன ஒருத்தங்க பேச முயற்சி பண்றத நிமிஷத்துக்கு 62 வார்த்தை வேகத்துல எழுத்தாக்கினத 2023ல ஸ்டான்ஃபோர்ட் காட்டுச்சு, கிட்டத்தட்ட நாலு வார்த்தைல ஒண்ணு தப்பா வந்தாலும் அது பெரிய பாய்ச்சல்தான். இதெல்லாம் உண்மை, நான் வாய பொளந்துதான் படிச்சேன். ஆனா எல்லாம் ட்ரயல், ஆப்பரேஷன், காசு கொடுத்து வாங்கற விஷயம் இல்ல. யாராவது இங்க வச்சு விடறேன்னு உங்ககிட்ட வந்தா கதவ சாத்திடுங்க.

சந்தேகத்துல இருக்கற ஒண்ணையும் சொல்லணும். கண்ணு கூட அசையாத நிலைக்குப் போனவங்ககிட்ட தலைக்கு வெளிய வச்ச கருவியால ஆமா இல்லனு பதில் வாங்கினதா 2017ல ஒரு ஆய்வு வந்து உலகம் பூரா செய்தியாச்சு, 2019ல அந்தக் கட்டுரைய பத்திரிகையே திரும்பப் பெற்றுடுச்சு. அதனால அந்த நிலைக்கும் இது வேலை செய்யும்னு யாராவது அத மேற்கோள் காட்டினா நம்பாதீங்க. உங்க அப்பாவுக்கு பயம் வேண்டாம், இந்த நோய்ல கண் அசைவு பெரும்பாலானவங்களுக்கு ரொம்ப நாள் நிக்கும்.

அம்மாவோட கேள்வி. ஹெட்பேண்ட் மனசுல இருக்கறத படிக்காது, மாமியார் மேல என்ன கோவம்னு அதுக்குத் தெரியாது, தாராளமா சொல்லுங்க. ஆனா அம்மா பயப்படறது காரணம் இல்லாமலும் இல்ல, நம்ம நாட்டுலயே மூளை அலைய வச்சு குற்றவாளிய கண்டுபிடிக்கறோம்னு ஒரு காலம் ஓடுச்சு, 2008ல புனேல ஒரு கொலை வழக்குல அத கோர்ட்டே எடுத்துக்கிச்சு. 2010ல செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல சுப்ரீம் கோர்ட், சம்மதம் இல்லாம நார்கோவும் பண்ணக்கூடாது, பாலிகிராஃபும் கூடாது, மூளை அலை சோதனையும் கூடாதுனு நிறுத்துச்சு. இன்னைக்கு நான் யோசிக்கற பயம் வேற, ஹெட்பேண்ட் ஆப் அந்தப் பதிவ எந்த நாட்டு சர்வருக்கு அனுப்புதுங்கறது. சிலில 2021ல அரசியல் சாசனத்துலயே மூளைத் தகவலுக்கு பாதுகாப்பு போட்டாங்க, 2023ல அவங்க சுப்ரீம் கோர்ட் ஒரு முன்னாள் செனட்டரோட மூளைப் பதிவ அழிக்கச் சொல்லி எமோட்டிவ் கம்பெனிக்கு உத்தரவும் போட்டுச்சு. நம்ம 2023 டேட்டா சட்டத்துல மூளைத் தகவல்னு தனியா ஒண்ணும் கிடையாது.

இப்ப என்ன பண்ணலாம். முதல்ல அப்பாகிட்ட எது நம்பகமா அசையுதுனு கண்டுபிடிங்க, புருவம், கன்னம், கால் கட்டை விரல், தலைய ஒரு பக்கம் சாய்க்கறது, எதுவா இருந்தாலும் சரி, களைப்பா இருக்கற சாயங்காலமும் அசையுதானு பாருங்க. ஸ்டீஃபன் ஹாக்கிங் கடைசி வருஷங்கள்ல ஓட்டினது கன்னத்துல ஒரே ஒரு தசைய வச்சுதான். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல லிவர் வச்ச மைக்ரோ ஸ்விட்ச்னு கேளுங்க, லேசா தொட்டாலே கிளிக் ஆகறதா பாத்து வாங்குங்க, அங்கயே பேட்டரில ஓடற ஒயர்லெஸ் காலிங் பெல்லும் கிடைக்கும், அந்த பெல் ரிமோட்டோட பட்டன் ரெண்டு முனைல ஒயர் சால்டர் பண்ணி ஸ்விட்ச இணைச்சா முடிஞ்சுது, கடைக்காரர்கிட்ட சொன்னா அவரே பண்ணிக் கொடுப்பார். ஸ்விட்ச கால் விரலுக்குப் பக்கத்துல துணி வச்சு கட்டுங்க, இல்ல தலகாணி ஓரத்துல கன்னம் படற மாதிரி பின் பண்ணுங்க. வைஃபைல ஓடறத இதுக்கு வாங்காதீங்க, கரண்ட் போய் வந்தா ரூட்டர் எழுந்துக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும், அவருக்கு சளி அடைக்கற நேரத்துல அது ஆகாது. மாஸ்க் போட்டிருந்தாலும், இருட்டா இருந்தாலும் இது வேலை செய்யும்.

பகலுக்கு ஆண்ட்ராய்டு ஃபோன்ல அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல ஸ்விட்ச் ஆக்சஸ்னு இருக்கு, திரைய தொடாம ஒரு ஸ்விட்ச்லயே ஃபோன ஓட்டற வசதி, இலவசம், ஆண்ட்ராய்டு 12ஓ அதுக்கு மேலயோ இருக்கற ஃபோன்னா முன் கேமராவ வச்சே புருவம் தூக்கறது, வாய திறக்கறது, சிரிக்கறது எல்லாத்தையும் ஸ்விட்ச்சா எடுத்துக்கும், ஸ்மார்ட் பிளக் போட்டா ஃபேனும் லைட்டும் அதுலயே ஓடும், விளம்பரத்துல காட்டின அதே வேலை. ஐஃபோன் 12ஓ அதுக்கு மேலயோ வச்சிருந்தா ஐஓஎஸ் 18லேருந்து கண்ணாலயே ஓட்டற வசதி இருக்கு, கொஞ்சம் தடுமாறும், ஃபோன ஸ்டாண்டுல அசையாம வச்சா பரவாயில்ல. காசு செலவு பண்ண மனசு இருந்தா அந்த இருபத்தஞ்சாயிரத்த எடுத்து வைங்க, பின்னாடி கண் அசைவ படிக்கற தனி ஐ டிராக்கர் தேவைப்படும்போது உதவும், நிம்ஹான்ஸ் மாதிரி இடத்துல ஸ்பீச் தெரபி பிரிவுல காட்டி எது பொருந்தும்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி இன்னைக்கே ஒரு அட்டை பண்ணுங்க. நான் மேல சொன்ன அதே 31 எழுத்து, வரிசைக்கு ஆறா, பெருசா மார்க்கர்ல எழுதுங்க, மேல தனியா ஒரு வரிசைல தண்ணி, வலி, திருப்பிப் படுக்க வை, சளி எடு, பாத்ரூம், ஃபேன். நீங்க விரல வரிசை வரிசையா இறக்குங்க, சரியான வரிசைல அப்பா கண்ண மேல தூக்கட்டும், அப்புறம் அந்த வரிசைக்குள்ள எழுத்து எழுத்தா போங்க. சிமிட்டறத ஆமாவுக்கு வைக்காதீங்க, அது தானாவே நடக்கும், குழப்பும். மேல பாத்தா ஆமா, கண்ண மூடி வச்சா இல்ல. ரெண்டு வாரத்துல முதல் ரெண்டு எழுத்துலயே அம்மா மிச்சத்த யூகிச்சுடுவாங்க, பி300 பக்கத்துல கூட வர முடியாது.

இன்னொரு விஷயம், இது தள்ளிப் போடக் கூடாதது. பேச்சு புரியற வரைக்கும் அவர் குரல ஃபோன்ல பதிவு பண்ணிடுங்க, தினமும் காலைல குரல் தெளிவா இருக்கற நேரத்துல பத்து நிமிஷம். உங்க எல்லார் பேரையும் அவர் கூப்பிடற மாதிரியே சொல்லச் சொல்லுங்க, திட்டறதையும் சேத்து. பேச உதவற ஆப்ல பின்னாடி அந்தந்த பட்டன்ல அந்தக் குரலயே போட்டுக்கலாம்.

இப்ப நீங்க மூணு விஷயம் எழுதுங்க: எந்த தசை நல்லா அசையுது, மாஸ்க் ராத்திரி மட்டுமா பகல்லயும் போடறாரா, வீட்ல ஆண்ட்ராய்டா ஐஃபோனா. ஸ்விட்ச எங்க கட்டறதுனு அதப் பாத்துட்டு சொல்றேன், சால்டரிங் வராதுன்னா ஒரு ஞாயித்துக்கிழமை ரிமோட்ட எடுத்துக்கிட்டு அல்சூர் பக்கம் வாங்க, நானே பண்ணித் தரேன்.